சைரன் கேட்டதும் பிரேக்கை மிதிக்காதீர்கள்: ஆம்புலன்ஸுக்கு வழி விட ஒரு முழுமையான வழிகாட்டி

கார் ஓட்டக் கற்று மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. மதுரையில் சிம்மக்கல் பக்கமிருந்து கோரிப்பாளையம் போக ஏ.வி. பாலத்தில் ஏறிவிட்டேன். பாதிப் பாலத்தில் பின்னால் சைரன். கண்ணாடியைப் பார்த்தால் ஆம்புலன்ஸ் என் டிக்கியை முட்டுகிற தூரத்தில் வந்துகொண்டிருக்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, கடைசியில் கால் மட்டும் ஓடி பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டது. வழி விடுவதாக நினைத்துத்தான் மிதித்தேன். ஒதுங்க இடமே இல்லாத பாலத்தில் நாம் நின்றுவிட்டால் அவர் எங்கே போவார் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. பின்னால் அவர் போட்ட பிரேக்கின் கிறீச்சும், உள்ளே ஏதோ உருண்டு விழுந்த சத்தமும் இன்றும் மறக்கவில்லை.

பிறகு ஆம்புலன்ஸ் ஓட்டும் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார், தினமும் பத்துப் பேர் இதைத்தான் செய்கிறார்கள் என்றார். டிரைவிங் ஸ்கூலில் எட்டுப் போடக் கற்றுத் தருகிறார்கள், சைரன் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. 'இடதுபுறம் ஒதுங்குங்கள்' என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். இடதுபுறத்தில் லாரி நின்றால்? சிக்னலில் முதல் வரிசையில் நின்றால்? எதிரே வந்தால்? அதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

108 ஆம்புலன்ஸில் ஓட்டுநரைப் பைலட் என்பார்கள். பின்னால் நோயாளியோடு இருப்பவர் ஈ.எம்.டி., அதாவது அவசர மருத்துவ உதவியாளர். நோயாளியை ஸ்ட்ரெச்சரில் பெல்ட் போட்டுக் கட்டியிருப்பார்கள், ஆனால் ஈ.எம்.டி. பெரும்பாலான நேரம் பெல்ட் போட்டு உட்கார முடியாது. ஊசி போடுவார், ஆக்சிஜன் பார்ப்பார், இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சில் கை வைத்து அழுத்திக்கொண்டிருப்பார். இதயம் நின்ற ஒருவருக்கு நெஞ்சு அழுத்தமும் மின் அதிர்ச்சியும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அப்படி அழுத்திக்கொண்டிருக்கும்போது வண்டி சடாரென்று பிரேக் போட்டால் அவர் முன்னால் போய் விழுவார், அழுத்தம் நிற்கும்.

அதனால் ஆம்புலன்ஸுக்கு வேகத்தைவிட முக்கியம், நிற்காமல், ஒரே சீராகப் போவது. நூறில் பறந்து நாலு இடத்தில் பிரேக் போடுவதைவிட ஐம்பதில் தடையில்லாமல் போவது உள்ளே இருப்பவருக்கு எவ்வளவோ மேல். நீங்கள் செய்ய வேண்டியதும் இதிலிருந்தே வருகிறது: நீங்கள் அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பது பைலட்டுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அவர் உங்களைப் பார்த்து, இந்தக் கார் இடதுபக்கம் போகிறது, நாம் வலதுபக்கம் போகலாம் என்று முடிவெடுக்க ஒரு விநாடி கிடைத்தால் போதும். நீங்கள் இடதா வலதா என்று தடுமாறினால் அவரும் தடுமாறுவார்.

சைரன் எங்கிருந்து வருகிறது?

இதுதான் நிஜத்திலேயே கஷ்டம். கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, பாட்டும் வைத்திருந்தால் சைரன் உங்கள் காதுக்கு வரும்போது ஆம்புலன்ஸ் மிக அருகில் வந்திருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் 40-இல் போகிறீர்கள், அவர் 70-இல் வருகிறார். வித்தியாசம் மணிக்கு 30 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு எட்டு மீட்டர் சொச்சம். 100 மீட்டர் தள்ளி வரும்போதே கேட்டுவிட்டால் 12 விநாடி இருக்கிறது, தாராளம். 30 மீட்டரில்தான் கேட்கிறது என்றால் நாலு விநாடிகூட இல்லை. பாட்டே போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, ஆனால் வெளியே ஹாரன் கேட்காத அளவு சத்தம் வைத்தால் நீங்கள் பாதி கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிற மாதிரிதான். ஹெல்மெட்டுக்குள் இயர்போன் மாட்டிக்கொண்டு போகிறவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு நல்ல வார்த்தை எதுவும் வரவில்லை.

கேட்டுவிட்டது, திசை தெரியவில்லை. இருபுறமும் உயரமான கட்டடங்கள் இருந்தால் சத்தம் எதிரொலித்துக் குழப்பும். அப்போது பாட்டை நிறுத்துங்கள், ஜன்னல் கண்ணாடியை ஒரு சாண் இறக்குங்கள், பின்னால் காட்டும் மூன்று கண்ணாடிகளையும் வரிசையாகப் பாருங்கள், அப்புறம் எதிர்த்திசையையும் குறுக்குச் சாலையையும் பாருங்கள். சைரனின் சத்தம் கூடிக்கொண்டே வந்தால் உங்களை நோக்கி வருகிறது. ரயில் கடந்து போகும்போது ஹாரனின் சுருதி இறங்கும் அல்லவா, அதுபோல இறங்கினால் கடந்துவிட்டது. இன்னொன்று, நீண்டு ஏறி இறங்கும் சைரன் திடீரென்று படபடவென வேகமான ஒலிக்கு மாறினால் பெரும்பாலும் சந்திப்பை நெருங்குகிறார்கள் அல்லது யாரோ வழி விடவில்லை என்று அர்த்தம். அந்த 'யாரோ' நீங்கள்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பக்கம் ஆம்புலன்ஸ் என்று இடவலம் மாற்றி எழுதியிருப்பது எதற்கு என்று கேட்கிற குழந்தைகளுக்கு, முன்னால் போகிறவர் ரியர்வியூ கண்ணாடியில் நேராகப் படிக்கத்தான் என்று பதில் சொல்லத் தெரிந்த நமக்கு, பல நேரம் அந்தக் கண்ணாடியைப் பார்க்கத்தான் தோன்றுவதில்லை. நகரத்தில் ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை ரியர்வியூ கண்ணாடியில் ஒரு பார்வை போடும் பழக்கம் இருந்தால் சைரன் காதில் விழுவதற்கு முன்பே சிவப்பும் நீலமுமாக விளக்கு கண்ணில் பட்டுவிடும்.

அடிப்படை அசைவு

முதலில் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுங்கள். பிரேக்கில் வைக்காதீர்கள், சும்மா எடுங்கள், வண்டி தானாக வேகம் குறையும். இரண்டாவது, இடது இண்டிகேட்டர் போடுங்கள். நீங்கள் இன்னும் நகர ஆரம்பிக்காவிட்டாலும் பரவாயில்லை, இண்டிகேட்டர்தான் பைலட்டோடு நீங்கள் பேசும் பேச்சு, உங்களுக்கு இடதுபக்கம் வருகிற பைக்காரருக்கும் அதுதான் தகவல். மூன்றாவது, இடது சைடு மிரரையும், தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னாலும் பாருங்கள், ஏனென்றால் நீங்கள் ஒதுங்கும் அதே நொடியில் இடதுபக்கம் ஒரு ஸ்கூட்டர் நுழைந்திருக்கும், நம் ஊரில் எப்போதும் நுழைந்திருக்கும். நான்காவது, மெதுவாக ஓரங்கட்டுங்கள். ஐந்தாவது, அகலம் போதவில்லை என்றால் மட்டும் நில்லுங்கள். போதும் என்றால் மெல்ல உருண்டுகொண்டே போகலாம்.

நான்கு இண்டிகேட்டரையும் எரியவிடுகிற ஹசார்டு விளக்கைப் போடாதீர்கள். நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்ற தகவலையே அது அழித்துவிடும். ஹாரன் அடித்து முன்னால் போகிறவரை விரட்டுவதும் வேண்டாம், சைரன் சத்தம் உங்கள் ஹாரனில் அமுங்கிப்போகும். கையை வெளியே நீட்டி 'வா வா' என்று ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதையும் விட்டுவிடுங்கள், எதிரே என்ன வருகிறது என்று அவர் பார்த்துக்கொள்வார், அவருடைய இருக்கை உங்களுடையதைவிட உயரம்.

கடந்து போன பிறகு உடனே வலதுபக்கம் திரும்பாதீர்கள். கண்ணாடியைப் பாருங்கள், இரண்டாவது வண்டி வரலாம். பெரிய விபத்து என்றால் ஒரே ஒரு ஆம்புலன்ஸோடு நிற்காது.

இடத்துக்கு இடம் மாறும்

டிவைடர் இல்லாத இருவழிச் சாலை எளிது: மேலே சொன்னபடி இடதுபக்கம் ஓரங்கட்டினால் போதும். ஆனால் எதிர்த்திசையில் வருகிறவரும் ஒதுங்க வேண்டும், அதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. ஆம்புலன்ஸ் எதிரே வருகிறது, நமக்கு என்ன என்று நடுக்கோட்டை ஒட்டியே வருவார்கள். அவர் முந்துவதற்கு உங்கள் பக்கத்துப் பாதையைத்தான் பயன்படுத்தப்போகிறார், எனவே நீங்களும் உங்கள் இடதுபக்கம் ஒதுங்குங்கள், இரவு என்றால் ஹைபீமைத் தணியுங்கள். வளைவிலோ மேட்டின் உச்சியிலோ மட்டும் ஒதுங்கி நிற்காதீர்கள், பைலட் எதிரே பார்க்க முடியாத இடத்தில் நீங்கள் நின்றால் அவரை எதிர்வண்டியின் வாய்க்குள் தள்ளுகிற மாதிரி. வளைவு முடிந்து நேரான இடம் வரும்வரை அதே சீரான வேகத்தில் ஓட்டிப் பிறகு ஒதுங்குங்கள். கொடைக்கானல் மாதிரி மலைப்பாதையில் இது இன்னும் முக்கியம்.

டிவைடர் உள்ள நாலுவழிச் சாலையில்தான் சிக்கல். ஆம்புலன்ஸ் பெரும்பாலும் வலது டிராக்கில், டிவைடரை ஒட்டி வரும். நீங்கள் அதே டிராக்கில் இருந்தால் இடதுபக்கம் மாற வேண்டும், ஆனால் அங்கே வண்டிகள் நிரம்பியிருக்கின்றன. முண்டாதீர்கள். இண்டிகேட்டரைப் போட்டபடி அதே வேகத்திலோ, முன்னால் இடமிருந்தால் சற்றுக் கூட்டியோ போய், இடைவெளி வந்ததும் உள்ளே போங்கள். பின்னால் ஆம்புலன்ஸ் இருக்கிறதே என்ற பதற்றத்தில் அங்கேயே நின்றுவிடுவதுதான் மோசம், நான் பாலத்தில் செய்தது அதுதான்.

இங்கே இடது டிராக்கில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சைரன் வலதுபக்கம் கேட்டால் உங்களுக்குச் சம்பந்தமில்லை என்று நினைக்காதீர்கள். வலது டிராக்கில் இருக்கிறவர் உள்ளே வர இடம் கொடுப்பது உங்கள் வேலை. காலை எடுத்து முன்னால் இரண்டு கார் நீளத்துக்கு இடைவெளி விட்டால் போதும், இரண்டு விநாடியில் பாதை திறந்துவிடும். வழி அடைபட்டுக் கிடக்கும்போது முன்னால் நிற்கிறவரைத்தான் எல்லோரும் திட்டுவார்கள், அவர் உள்ளே வரவிடாமல் பம்பரோடு பம்பர் ஒட்டிப் போனவரை யாரும் கவனிப்பதில்லை.

போக்குவரத்து முழுக்க நின்றுபோயிருந்தால் வேறு உத்தி. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இதற்கென்றே சட்டம் உண்டு: நெரிசல் தொடங்கும்போதே, சைரன் கேட்பதற்கு முன்பே, நடுவில் ஒரு சந்து விட்டுத்தான் நிற்க வேண்டும். அங்கே வலதுபுறம் ஓட்டுகிறார்கள். நமக்குத் திருப்பிப் போட்டால், டிவைடரை ஒட்டிய டிராக்கில் இருப்பவர்கள் டிவைடர் பக்கமே நெருங்க வேண்டும், மற்ற எல்லா டிராக்கும் இடதுபக்கம் நெருங்க வேண்டும், வலது டிராக்குக்கும் அதற்கு அடுத்ததற்கும் நடுவே சந்து திறக்கும். நம் சட்டத்தில் இப்படி விவரமாக எழுதவில்லை, நம் ஊரில் அந்தச் சந்து திறந்த மறுவிநாடி அதில் பத்து பைக் நுழைந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் நகர முடியாமல் நிற்கும்போது இதைவிட நல்ல வழி கிடையாது.

இது நடக்க வேண்டுமென்றால் ஒட்டி நிற்கக் கூடாது. முன்னால் நிற்கும் காரின் பின் டயர் தரையைத் தொடுகிற இடம் உங்கள் இருக்கையிலிருந்து தெரிய வேண்டும், அந்த இடைவெளி இருந்தால்தான் ரிவர்ஸ் எடுக்காமலே ஸ்டியரிங்கை ஒடித்து வெளியே வர முடியும். இடைவெளி விட்டால் ஆட்டோ நுழைந்துவிடும் என்பீர்கள். நுழையட்டும்.

சிக்னலில் முதல் வரிசையில் நிற்கிறீர்கள், சிவப்பு, பின்னால் சைரன். சிவப்பைத் தாண்டும் உரிமை ஆம்புலன்ஸுக்கு இருக்கிறது, உங்களுக்கு இல்லை. நல்ல எண்ணத்தில் சந்திப்புக்குள் பாய்ந்துவிட்டால் குறுக்கே பச்சையில் வருகிறவர் உங்களை அடிப்பார், அப்புறம் இரண்டாவது ஆம்புலன்ஸ் வரவேண்டியிருக்கும். போலீஸ்காரர் கையசைத்தால் தயங்காமல் போங்கள். ஃப்ரீ லெஃப்ட் இருந்தால், உங்கள் வழி அதுவல்ல என்றாலும், இடதுபக்கம் திரும்பிப் போய்விடுங்கள், ஒரு யூ டர்ன் போட்டுத் திரும்பி வர ஐந்து நிமிடம் ஆகும், ஆகட்டும். இரண்டும் இல்லையென்றால் குறுக்குச் சாலை காலியா என்று இருபுறமும் பார்த்துவிட்டு, ஸ்டாப் லைனைச் சில அடி மட்டும் கடந்து இடது மூலையாக ஒதுங்கி நின்றுகொள்ளுங்கள். கேமரா பிடித்துச் சலான் வந்தால் இ-சலான் இணையதளத்தில் முறையிட வழி இருக்கிறது. டேஷ்கேம் இருந்தால் வேலை சுலபம்.

இதற்கு நேர் எதிரான நிலைமையைப் பலரும் யோசிப்பதே இல்லை. உங்களுக்குப் பச்சை விழுந்துவிட்டது, ஆனால் எங்கிருந்தோ சைரன் கேட்கிறது. போகாதீர்கள். குறுக்குச் சாலையில் வரும் ஆம்புலன்ஸ் சிவப்பைத் தாண்டி வரலாம், பக்கத்தில் நிற்கும் பஸ் அதை மறைத்திருக்கலாம். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும், எந்தப் பக்கம் என்று கண்ணால் பார்த்த பிறகு கிளம்புங்கள்.

ரவுண்டானாவுக்குள் இருந்தால் உள்ளேயே நின்றுவிடாமல் அடுத்து வரும் வழியில் வெளியேறி, வெளியே ஓரங்கட்டுங்கள். இன்னும் நுழையவில்லை என்றால் நுழையாதீர்கள்.

அப்புறம் பாலம். 1889-இல் திறந்த ஏ.வி. பாலம் மாதிரி பழைய பாலமோ, ஓரம் இல்லாத மேம்பாலமோ, ஏறுவதற்கு முன்பே சைரன் கேட்டுவிட்டால் ஏறாமல் கீழேயே ஒதுங்கி அவரை முதலில் விடுங்கள். ஏறிவிட்டால் நிற்காதீர்கள், முன்னால் இருக்கும் வண்டிகளோடு சேர்ந்து முடிந்த அளவு விரைவாக இறங்கி, இறங்கிய உடனே இடதுபக்கம் வழி விடுங்கள். நடுவில் அவருக்கு இருபது விநாடி தாமதமாகும்தான், நின்று அடைத்தால் இரண்டு நிமிடம்.

டோல்கேட்டில் ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் கிடையாது, தனி வழியும் இருக்கும். கப்பலூர் மாதிரி கூட்டமான இடத்தில் வரிசை நீளமாக இருக்கிறது என்று அந்த வழிக்குள் நுழைகிறவர்கள் உண்டு. நுழைந்த பிறகு பின்னால் ஆம்புலன்ஸ் வந்தால் முன்னாலும் போக முடியாது பின்னாலும் வர முடியாது.

பைக், ஆட்டோ, பஸ்

இருசக்கர வண்டிக்கு ஒதுங்குவது சுலபம், ஆனால் பைக்காரர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. கார்கள் இடதுபக்கம் ஒதுங்குவதைப் பார்த்ததும் வலதுபக்கம் காலியாகிறது என்று அங்கே பாய்வார்கள், அது ஆம்புலன்ஸுக்காகத் திறந்த வழி என்று தோன்றாது. முன்னால் இருக்கும் கார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒதுங்கினால், காரணம் தெரியாவிட்டாலும் நீங்களும் அவர்களோடு ஒதுங்குங்கள். ஒதுங்கும்போது ஓரத்து மணலைப் பார்த்துக்கொள்ளுங்கள், தார் முடிந்து மண் தொடங்கும் விளிம்பில் முன் பிரேக் பிடித்தால் சறுக்கிவிடும்.

ஆட்டோ, ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அண்ணன்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, பல இடங்களில் இறங்கி நின்று வழி ஏற்படுத்துவதே அவர்கள்தான். ஆள் ஏற்ற நிற்கும்போது ரோட்டின் நடுவில் குறுக்காக நிற்பதை மட்டும் விட்டுவிட்டால் போதும். பஸ்ஸுக்குத் திடீரென்று ஒதுங்க முடியாது, பன்னிரண்டு மீட்டர் வண்டி. பஸ்ஸுக்குப் பின்னால் போகும் கார்க்காரர் முதலில் ஒதுங்கி, பஸ் இடதுபக்கம் வர இடம் விட்டால் எல்லாமே நகரும். படிக்கட்டில் தொங்குகிறவர்கள் இருந்தால் பஸ் சட்டென்று இடதுபக்கம் ஒடித்துத் திரும்பக் கூடாது, அதனால் பஸ் மெதுவாக ஒதுங்குகிறதே என்று கோபப்படாதீர்கள்.

வால் பிடித்துப் போகாதீர்கள்

ஆம்புலன்ஸ் கடந்ததும் அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு பறக்கும் கார்களைப் பார்த்திருப்பீர்கள். ஆம்புலன்ஸுக்கு வழி விட்டவர்கள் அது போய்விட்டது என்று நினைத்துத் திரும்பவும் வலதுபக்கம் வருவார்கள், பின்னால் ஒரு கார் 90-இல் வருகிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆம்புலன்ஸ் திடீரென்று நின்றால் வால் பிடித்து வந்தவர் நேராகப் பின்கதவில்தான் போய் இடிப்பார், அந்தக் கதவுக்குப் பின்னால்தான் ஸ்ட்ரெச்சர். 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் இதற்குக் குறைந்தது 50 மீட்டர் இடைவெளி கேட்கின்றன. உள்ளே இருப்பவர் உங்கள் அப்பாவே ஆனாலும் ஒட்டிப் போகாதீர்கள், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுக்கொண்டு உங்கள் வேகத்தில் போய்ச் சேருங்கள். ஒருவராவது ஆம்புலன்ஸிலேயே ஏறிப் போனால் நல்லது.

தீயணைப்பு வண்டி

சைரன் என்றதும் நமக்கு ஆம்புலன்ஸ் மட்டும்தான் ஞாபகம் வருகிறது. அதே 2017 ஒழுங்குமுறையில் முன்னுரிமை வரிசையில் முதலில் இருப்பது தீயணைப்பு வண்டி, அடுத்துதான் ஆம்புலன்ஸ், பிறகு போலீஸ், அதற்குப் பிறகு குடிநீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய சேவை வண்டிகள். எனக்கே இது ஆச்சரியமாக இருந்தது. யோசித்தால் நியாயம் புரிகிறது, தீ ஒரு வீட்டோடு நிற்பதில்லை.

வழி விடுவதில் வித்தியாசம் என்ன? எடை. நாலாயிரம், ஐயாயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் தண்ணீர் மட்டுமே நாலைந்து டன், அதற்கு மேல் வண்டி. ஆம்புலன்ஸ் நிற்கிற தூரத்தில் இது நிற்காது, உடனே வேகமும் எடுக்காது. அதனால் இன்னும் முன்கூட்டியே ஒதுங்குங்கள், இன்னும் அகலமாக வழி விடுங்கள், அதன் முன்னால் குறுக்கே பாய்ந்து 'தாண்டிவிடலாம்' என்று கணக்குப் போடாதீர்கள். ரோட்டில் குழாய் விரித்திருந்தால் அதன் மேல் வண்டியை ஏற்றாதீர்கள், தண்ணீர் நின்றுவிடும், குழாயும் கிழியும்.

யாருக்கு விட வேண்டும், விடாவிட்டால் என்ன

'உள்ளே பேஷன்ட்டே இல்லை, சும்மா சைரன் போட்டுக்கொண்டு போகிறான்.' இந்த வசனத்தை நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். ஆனால் காலி ஆம்புலன்ஸ் யாரையோ ஏற்றப் போய்க்கொண்டிருக்கலாம், அங்கே கிடக்கிறவருக்குப் பக்கத்தில் ஈ.எம்.டி.யும் இல்லை, ஆக்சிஜனும் இல்லை. ஒரு விதத்தில் நோயாளியோடு போகும் ஆம்புலன்ஸைவிட இதற்குத்தான் அவசரம் அதிகம். சைரனைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் கிடையாது என்று சொல்லவில்லை, ஓட்டிக்கொண்டே அதை விசாரிப்பது நம் வேலை இல்லை என்கிறேன். சந்தேகம் இருந்தால் வழியை விட்டுவிட்டு வண்டி எண்ணைக் குறித்துப் புகார் கொடுங்கள்.

முக்கியப் பிரமுகர்களின் சிவப்பு விளக்கு 2017 மே 1 முதல் இந்தியா முழுவதும் எடுக்கப்பட்டுவிட்டது. எனவே பல வண்ண விளக்கும் பல ஒலி சைரனும் சேர்ந்து வந்தால் அது அவசர வண்டி என்று எடுத்துக்கொள்ளுங்கள். அமரர் ஊர்திக்கு இந்த அவசரம் கிடையாது, மரியாதைக்காக வழி விடுவது வேறு விஷயம்.

வழி விடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஈ பிரிவு இருக்கிறது. 2019 திருத்தத்தில் வந்தது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் புதிய அபராதங்கள் நடைமுறைக்கு வந்தபோது எல்லோரும் பேசிய தொகைகளில் இந்தப் பத்தாயிரமும் ஒன்று. அபராதத்துக்குப் பயந்து பதறி ஒதுங்கி, பக்கத்து பைக்காரரைத் தட்டிவிடாதீர்கள், அவசர வண்டிக்காக இன்னொருவரை இடிக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

சொந்தக் காரிலேயே நோயாளியை வைத்துக்கொண்டு, ஹெட்லைட் எரிய, ஜன்னலில் துண்டை ஆட்டியபடி போகிறவர்கள் வருவார்கள். சட்டப்படி அது அவசர வண்டி அல்ல, சிக்னலைத் தாண்டும் உரிமையும் இல்லை. ஆனால் வழி விடுங்கள், நமக்கும் நாளைக்கு வரலாம். நீங்களே அந்த நிலையில் இருந்தால், பிரசவ வலியோ நெஞ்சுவலியோ, முடிந்தவரை 108-ஐக் கூப்பிடுங்கள். 2008-இல் இருந்து தமிழ்நாட்டில் ஓடுகிற சேவை, கட்டணம் இல்லை, ஆயிரத்து முந்நூறுக்கும் மேல் வண்டிகள் இருக்கின்றன. பதறிப்போன மகன் ஓட்டும் காரைவிட அது பத்திரமானது.

நிற்கும் ஆம்புலன்ஸ்

நான்குவழிச் சாலையில் விபத்து நடந்த இடத்தில் விளக்கு எரிய ஆம்புலன்ஸ் நிற்கிறது என்றால் அங்கே மனிதர்கள் ரோட்டில் நடமாடுகிறார்கள் என்று அர்த்தம். நூறு மீட்டர் முன்பே வேகத்தைக் குறையுங்கள், ஒரு டிராக் தள்ளிப் போங்கள், முடியாவிட்டால் ஆள் நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் இதற்கென்று சட்டம் இருக்கிறது. நம் ஊரில் நின்று எட்டிப் பார்க்கிற பழக்கம்தான் இருக்கிறது, எதிர்ப்பக்கத்து டிராக்கில்கூட வண்டியை மெதுவாக்கிப் போனை நீட்டுவார்கள், அடுத்து வரும் ஆம்புலன்ஸ் அந்த நெரிசலில்தான் மாட்டும். உதவ நினைத்து நிற்கிறவராக இருந்தால் வண்டியைத் தார் ரோட்டை விட்டு முழுசாக இறக்கி நிறுத்துங்கள். போலீஸ், கோர்ட் என்று பயப்பட வேண்டாம், உதவுகிறவரைக் காக்க அதே 2019 திருத்தத்தில் 134-ஏ என்று தனிப்பிரிவு இருக்கிறது.

உங்கள் தெருவும் இதில் சேர்த்திதான்

மெயின்ரோட்டில் எல்லோரும் வழி விட்டு, மூன்று கிலோமீட்டரை நாலு நிமிடத்தில் கடந்து வந்த வண்டி, கடைசியில் தெருமுனையில் குறுக்கே நிற்கும் ஒரு காரால் நின்றுபோகும். தெருமுனைத் திருப்பத்தில் நிறுத்தாதீர்கள், இருபுறமும் எதிரெதிரே நிறுத்தாதீர்கள், ஒரு பக்கமாக நிறுத்துங்கள். நிறுத்திவிட்டுப் போகும்போது கண்ணாடியில் போன் நம்பரை எழுதி வையுங்கள். பந்தல் போடுகிறவர்கள் தெருவை முழுசாக அடைக்காமல் ஒரு தீயணைப்பு வண்டி நுழையும் அகலம் விடுங்கள்.

108-ஐக் கூப்பிட்டதே நீங்கள் என்றால், கதவு எண்ணை மட்டும் சொல்லாதீர்கள், கோயில், பள்ளி, டேங்க் என்று பைலட் கண்ணில் படுகிற அடையாளம் சொல்லுங்கள். ஒருவரைத் தெருமுனைக்கு அனுப்பி நிற்க வையுங்கள், இரவு என்றால் டார்ச்சோடு. குறுக்கே நிற்கும் பைக்குகளை வண்டி வருவதற்குள் நகர்த்தி வையுங்கள், நாயைக் கட்டிவிடுங்கள், கேட்டைத் திறந்து வையுங்கள். முக்கியமாக, நீங்கள் கூப்பிட்ட அந்தப் போனில் சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்ல ஆரம்பித்துவிடாதீர்கள், வழி கேட்டுப் பைலட் அந்த எண்ணுக்குத்தான் அழைப்பார்.